கீழ்முனை பேசட்டும்

அந்த லாரிக்கு ஹாரன் கிடையாது. ஹாரனுக்குப் பதிலாக ஒரு பெண் இருந்தாள்.

கதை விடுகிறேன் என்று நினைப்பீர்கள். இதில் முக்கால்வாசி அப்படியே நடந்தது. மீதிக் கால்வாசி நடந்திருக்க வேண்டியது. எது எந்தப் பங்கு என்று பிரித்துப் பார்க்கிற வேலையை உங்களிடமே விடுகிறேன்.

லாரிக்காரருக்கு வீடு மாற்றிக் கொடுப்பதுதான் தொழில். ஒரு வீட்டின் சாமான்களை ஏற்றி, இன்னொரு வீட்டில் இறக்குவார். கூட வேலை செய்ய அவருடைய தம்பி. முதுகில் கோணியை மடித்துப் போட்டுக்கொண்டு பிரிட்ஜைத் தனியாகத் தூக்குவதால் ஊரே அவரை ஒட்டகம் என்றுதான் கூப்பிட்டது. லாரிக்காரரின் மனைவிக்குக் கண்ணாடிச் சாமான்களைப் பொட்டலம் கட்டும் வேலை. அந்த அம்மாள் பழைய செய்தித்தாளில் சுற்றிய கோப்பையை மாடியிலிருந்து தவறிப் போட்டால்கூட உடையாது; குதித்துத் திரும்பக் கைக்கே வரும் என்று ஒட்டகம் சத்தியம் செய்வார்.

இவர்களுக்கு ஒரே மகள். அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த புதிதில் ஒரு விடுமுறை நாள், லாரியில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நடுச்சாலையில் ஒரு சைக்கிள்காரர் கனவு கண்டுகொண்டே போனார். அப்பா ஹாரனை அழுத்தினார். அது ஒரு முறை விக்கிவிட்டு உயிரை விட்டது. மகள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "தள்ளுங்க!" என்று ஒரு சத்தம் கொடுத்தாள்.

சைக்கிள்காரர் தள்ளிப் போனார். எவ்வளவு தூரம் என்றால், ஒரு துணிக்கடைக்குள் புகுந்து, கல்லாவுக்கு முன்னால் நின்று, வந்ததற்கு ஒரு சட்டையும் வாங்கிக்கொண்டு போனார். அடுத்த தெருவில் முடிதிருத்துபவரின் கை ஆடி, ஒருவருக்கு ஒரு பக்க மீசை போய்விட்டது. அவர் கோபப்படவில்லை. மற்ற பக்கத்தையும் எடுத்த பிறகுதான் அவர் அழகாக இருக்கிறார் என்று அவர் மனைவி சொன்னாளாம்.

அன்று முதல் அவள் பெயர் ஹாரன். லாரிக்காரர் புது ஹாரன் வாங்கவே இல்லை.

"வீட்டுல ஒண்ணு இருக்கும்போது கடையில எதுக்கு இன்னொண்ணு?" என்பார்.

இனி அவர்கள் தொழிலின் ஒரு கட்டளையைச் சொல்லியாக வேண்டும். கதை அதன் மேல்தான் நிற்கிறது.

ஒரு பெரிய பீரோவைப் படிக்கட்டில் இறக்கும்போது இரண்டு முனைகள் உண்டு. மேல்முனையைப் பிடித்திருப்பவருக்குப் பாரம் குறைவு. கீழ்முனையைப் பிடித்திருப்பவர் மேல்தான் மொத்தமும் சாய்ந்திருக்கும். ஆனால் யோசனை சொல்ல வருபவர்கள் எல்லாரும் இந்த இரண்டு முனையிலும் இல்லாதவர்கள். வீட்டுக்காரர் "இடப்பக்கம்" என்பார். அவர் மாமியார் "வலப்பக்கம்" என்பார். எதிர்வீட்டுக்காரர் வாயில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு வந்து "சாய்ங்க" என்பார். பீரோவுக்குக் காது இருந்தால் அதுவே இறங்கி ஓடிப் போயிருக்கும்.

அதனால் லாரிக்காரரின் கூட்டத்தில் ஒரு வழக்கம். தூக்கும்போது கீழ்முனையைப் பிடித்தவர், "குரல் எனக்கு!" என்பார். அதன் பிறகு பீரோ தரையைத் தொடும்வரை அவர் ஒருவர்தான் பேசலாம். மற்றவர் யாராக இருந்தாலும் வாய் திறக்கக் கூடாது. ஒரு முறை மேல்முனையில் இருந்த ஒட்டகத்தின் சட்டைக்குள் ஒரு கட்டெறும்பு புகுந்து, இடுப்பில் ஆரம்பித்து அக்குள்வரை சாவகாசமாகச் சுற்றிப் பார்த்தது. மனிதர் மூச்சு விடவில்லை. கண்களால் மட்டும் அழுதார்.

இந்த வழக்கம் தொழிலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. சண்டை வந்தால், யார் தலையில் பாரமோ அவர்தான் முதலில் பேச வேண்டும். பெரும்பாலும் குரல் அம்மாவுக்கே போகும். ஒரு கையில் ஈரத் துணி வாளியும் மறு கையில் விளக்குமாறுமாக நின்று, "குரல் எனக்கு" என்று அவள் சொன்னால், அண்ணனும் தம்பியும் சுவரைப் பார்ப்பார்கள்.

ஒட்டகம் இதிலும் திருட்டுத்தனம் செய்தார். ஒரு நாள் தலையில் தலையணையை வைத்துக்கொண்டு முனகியபடி வந்து, "குரல் எனக்கு! இன்னிக்கு நான் பாத்திரம் கழுவ மாட்டேன்!" என்றார்.

ஹாரன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எதிரில் நின்றாள்.

"சித்தப்பா, கையைக் காட்டுங்க."

"கை எதுக்கு? பாரம் தலையில இருக்கு."

"காட்டுங்க."

நிஜமாகப் பாரம் தூக்கியவர் உள்ளங்கையில் கயிற்றின் தடம் சிவந்து கிடக்கும். ஒட்டகத்தின் கை அன்று பஞ்சு மாதிரி இருந்தது.

"தூக்காம முனகறீங்க. குரல் உங்களுக்கு இல்ல. பாத்திரம்தான் உங்களுக்கு."

அம்மாவின் கையிலும் ஓர் அதிகாரம் இருந்தது, அது சாக்கட்டி. வீடு மாற்றும் நாளில் முதலில் அவள்தான் உள்ளே போவாள். ஏற்ற வேண்டிய சாமான்மேல் பெருக்கல் குறி, விட்டுவிட வேண்டியதன்மேல் வட்டம். ஒரு தடவை ஒட்டகம் சோபாவில் குப்புறப் படுத்துத் தூங்கிவிட, அவசரத்தில் அம்மா அவர் முதுகிலும் பெருக்கல் போட்டுவிட்டாள். கூலிக்கு வந்த ஆட்கள் சோபாவோடு சேர்த்து அவரையும் லாரியில் ஏற்றினார்கள். புது வீட்டில்தான் விழித்தார். "ரொம்ப நல்ல வீடு, காத்தோட்டமா இருக்கு" என்று மறுபடி படுத்துக்கொண்டார்.

ஹாரனுக்குச் சட்டம் படிக்கும் ஆசை வந்தது ஒரு சாப்பாட்டு மேஜையால்.

அவளுக்குப் பல் விழுந்து முளைத்துக்கொண்டிருந்த வயது. ஒரு மாடி வீட்டைக் காலி செய்ய மூவரோடு அவளும் போயிருந்தாள். அண்ணன், தங்கை இருவருக்கும் பொதுவான வீடு அது. பெற்றோர் காலத்துக்குப் பிறகு சாமான்களைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் தன் பக்கம் பேச ஒரு வக்கீலைக் கூட்டி வந்திருந்தார். வக்கீலின் பேச்சு சர்க்கரைப் பாகு மாதிரி இழைந்து இழைந்து விழுந்தது. கேட்கக் கேட்க, பெரிய மேஜை அண்ணனுக்குத்தான் போக வேண்டும் என்று மேஜைக்கே தோன்றியிருக்கும். தங்கை ஜன்னல் ஓரமாக, மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அம்மா மேஜைமேல் பெருக்கல் குறி போட்டாள். லாரிக்காரர் கீழ்முனை, ஒட்டகம் மேல்முனை. பாதிப் படிக்கட்டு இறங்குவதற்குள் அண்ணன் ஒரு பக்கம், அவர் மனைவி ஒரு பக்கம், வக்கீல் ஒரு பக்கம் என்று யோசனைகள் பொழிந்தன.

"குரல் எனக்கு!" என்றார் லாரிக்காரர்.

அப்படி ஓர் அமைதி வந்தது. சமையலறைக் குழாய் சொட்டுவது கேட்டது. அந்த அமைதியில், தலையில் ஒரு நாற்காலி மெத்தையோடு மேல்படியில் நின்றிருந்த ஹாரன், தங்கையின் கைகளைப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய புள்ளிகள். ஆள்காட்டி விரலில் கத்தரிக்கோல் பிடித்துப் பிடித்துத் தடித்த காய்ப்பு.

"அப்பா!" என்றாள். மெதுவாகச் சொன்னதாகத்தான் அவள் நினைத்தாள். தெருமுனையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அந்த அக்கா கையைப் பாருங்க! அவங்கதான் கீழ்முனை. அவங்க இன்னும் பேசவே இல்ல!"

கூட்டம் மொத்தமும் ஜன்னல் பக்கம் திரும்பியது. தங்கைக்கு முகம் சிவந்துவிட்டது.

"அந்த மேஜையிலதான் நான் துணி வெட்டறேன்," என்றாள். "வேற எதுவும் எனக்கு வேண்டாம். அது போயிட்டா வேலை போயிடும்."

அண்ணன் தலையைச் சொறிந்தார். கெட்ட மனிதர் இல்லை, கவனிக்காத மனிதர். "இதை ஏன் நீ முன்னாடியே சொல்லல?"

"எங்க சொல்ல விட்டீங்க? எல்லாருமே பேசிக்கிட்டே இருந்தீங்க."

"அட, சொல்லியிருந்தா கட்டில வேணா எடுத்துட்டுப் போயிருப்பேனே!"

மேஜை திரும்ப மேலே ஏறியது. "ஒரு வார்த்தை முன்னாடி வந்திருந்தா என் முதுகெலும்பு தப்பிச்சிருக்கும்" என்று ஒட்டகம் பல நாள் புலம்பினார்.

வக்கீல் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என் பொழைப்புல மண்ணைப் போட்டுட்டியேம்மா!"

"உங்க பொழைப்பு என்ன மாமா?"

"அடுத்தவங்களுக்காகப் பேசறது."

"பேசறது மட்டுமா? தூக்க வேண்டாமா?"

"தூக்க வேண்டாம்."

ஹாரன் வாயைப் பிளந்தாள். அவளைவிட அதிகமாக ஒட்டகம் பிளந்தார்.

"அண்ணே, கேட்டீங்களா? தூக்காம பேசறதுக்குக் காசு குடுக்கறாங்களாம்! நாம என்னடான்னா, தூக்கவும் தூக்கிட்டு வாயையும் மூடிட்டு இருக்கோம்!"

அன்று லாரியில் திரும்பும்போது அவள் முடிவு செய்துவிட்டாள். பாரம் தூக்காமல் பேசலாம் என்பது ஒரு பாதி ஆசை. பேசாமல் இருக்கிற அந்த அக்கா மாதிரி ஆட்களைக் கண்டுபிடித்துக் குரல் வாங்கித் தரலாம் என்பது மறு பாதி. எந்தப் பாதி பெரியது என்று அவளைக் கேட்டால், முதுகு வலிக்கிற நாளில் முதல் பாதி என்பாள்.

அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவர் யாரும் இல்லை. மிதித்தார்கள்தான், ஆனால் பெஞ்சு இறக்குவதற்கு. ஹாரன் லாரியின் முன் இருக்கையிலும், காலியான வீடுகளின் வெறும் தரையிலும் உட்கார்ந்து படித்தாள். பள்ளி இறுதித் தேர்வில் நல்ல மார்க். சட்டக் கல்லூரியின் எழுத்துத் தேர்விலும் தேறிவிட்டாள். நேர்முகத் தேர்வு ஒன்றுதான் பாக்கி. அதில் உட்கார்ந்திருக்கும் மூன்று பேர் தலையசைத்தால் சீட்டு. இல்லாவிட்டால் பழையபடி லாரி.

பக்கத்து வீட்டு டியூஷன் மாஸ்டர் தயார் செய்துவிடுகிறேன் என்று தாமாகவே முன்வந்தார்.

"சட்டம் ஏன் படிக்கணும்னு கேப்பாங்க. என்ன சொல்லுவே?"

அவள் மேஜைக் கதையைச் சொன்னாள். மாஸ்டர் காதைப் பொத்திக்கொண்டார்.

"தூக்காம பேசலாம்னு சொன்னேன்னு வை, எழுந்து போகச் சொல்லிடுவாங்க. கண்ணீர் வேணும்மா, கண்ணீர்! 'சிறு வயதில் நான் ஓர் அநீதியைக் கண்டேன். அன்றே சபதம் ஏற்றேன்.' இப்படி ஆரம்பி."

"என்ன அநீதி சார்?"

"அது அப்ப உனக்கே தோணும்."

"அப்பா என்ன செய்யறார்னு கேட்டா?"

"போக்குவரத்துத் துறையில் தொழில்னு சொல்லு. லாரின்னு வாயில வரக் கூடாது."

நேர்முகத் தேர்வு நாளில் அவளைக் கல்லூரிக்குக் கொண்டுபோய் விட்டது அந்த லாரிதான். இறக்கிவிட்டுப் போய்விடுவோம் என்றுதான் மூவரும் சொன்னார்கள். ஆனால் லாரிக்காரர் பெட்டி போட்டுத் தேய்த்த சட்டையில் இருந்தார். ஒட்டகம் ஷூ போட்டிருந்தார். அது யாரோ காலி செய்த வீட்டில் வட்டம் போட்டு விட்டுப் போனது, ஒரு சைஸ் சின்னது. அம்மா தலையைப் படிய வாரி, கைப்பையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். இப்படி உடுத்திக்கொண்டவர்கள் வாசலோடு திரும்பியதாகச் சரித்திரம் இல்லை.

மாடித் தாழ்வாரத்து நாற்காலிகளில் மூவரையும் உட்காரவைத்து ஹாரன் சொன்னாள்:

"இங்க எதையும் தொடாதீங்க. யார்கிட்டயும் பேசாதீங்க. முக்கியமா, எதையும் தூக்காதீங்க."

"என் காலைத் தூக்கலாமா?" என்றார் ஒட்டகம். "ஷூ கடிக்குது."

"சித்தப்பா!"

"சரி, சரி. நீ போ. நாங்க பொம்மை மாதிரி உக்காந்திருப்போம்."

அவளைக் கூப்பிட்டார்கள். கதவு மூடியது. பொம்மைகள் சற்று நேரம் பொம்மைகளாகத்தான் இருந்தன.

எதிர்ச் சுவர் ஓரமாகப் பெரிய மர பீரோக்கள் வரிசையாக நின்றன. அவற்றில் சிலவற்றின்மேல் சாக்கட்டியால் பெருக்கல் குறி.

"அண்ணி," என்று ஒட்டகம் கிசுகிசுத்தார். "பெருக்கல்."

"பார்த்தேன். கண்ணை மூடிக்கோ."

"மூடினாலும் தெரியுது அண்ணி. முதுகு அரிக்குது."

அந்தப் பக்கமாக வந்த ஆபீஸ் பியூன், பீரோக்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "காலையிலேயே வரேன்னு சொன்ன ஆளைக் காணோம். தலைவரம்மா வந்து பார்த்தா என் தலைதான் உருளும்" என்று முணுமுணுத்துக்கொண்டே கீழே போனார்.

லாரிக்காரர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"வர வேண்டிய வண்டி வரல போலிருக்கு."

"நமக்கு எதுக்குங்க? பொண்ணு அவ்வளவு சொல்லிட்டுப் போயிருக்கா."

"நம்ம பொண்ணுக்குச் சீட்டு குடுக்கப்போற இடம். அவங்க கஷ்டத்துல நிக்கறப்போ நாம கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா மரியாதையா?"

அம்மா எழுந்து போய் ஒரு குறியைக் கிட்டத்தில் பார்த்தாள். ஒரு கோடு குட்டையாக, கோணலாக இருந்தது. கைப்பையைத் திறந்து தன் சாக்கட்டியை எடுத்து அதை நேராக்கினாள். அவ்வளவுதான், அனுமதி கிடைத்துவிட்டது.

"ஒண்ணே ஒண்ணு," என்றாள். "சத்தம் இல்லாம."

உள்ளே மூன்று நாற்காலிகளில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். ஒருவர் ஒல்லிப் பேராசிரியர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகவே பார்ப்பவர். இன்னொருவர் குண்டுப் பேராசிரியர், கண்ணாடி இல்லாமலே பார்ப்பவர். நடுநாற்காலி காலி, தலைவரம்மா வந்துகொண்டிருக்கிறார் என்றார்கள்.

"அப்பா என்ன செய்யறார்?" என்றார் ஒல்லி.

"போக்குவரத்துத் துறையில் தொழில், சார்."

"எந்த மாதிரி?"

"கொஞ்சம்... பெரிய அளவுல."

லாரி பெரிய அளவுதானே. ஒல்லி குறித்துக்கொண்டார்.

"சட்டம் படிக்கணும்னு ஏன் தோணுச்சு?"

ஹாரன் கண்ணை ஒரு முறை கொட்டி, கண்ணீரை வரவழைக்கப் பார்த்தாள். வரவில்லை. "சிறு வயதில் நான் ஓர் அநீதியைக் கண்டேன். அன்றே சபதம் ஏற்றேன்."

"என்ன அநீதி?" என்றார் குண்டு, உண்மையான அக்கறையோடு.

அப்போது தோன்றும் என்று மாஸ்டர் சொன்னது தோன்றவே இல்லை. அந்த நேரத்தில்தான் வெளியே படிக்கட்டிலிருந்து அவளுக்குப் பிறந்தது முதல் பழகிய ஒரு குரல் கேட்டது.

"குரல் எனக்கு!"

தூக்கிவிட்டார்கள். சொல்லியும் தூக்கிவிட்டார்கள்.

ஆனால் அதைவிட மோசமான ஒன்று அடுத்து கேட்டது. அப்பா குரலுக்குப் பிறகு அமைதி வரவில்லை. பல பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். அப்பா மறுபடியும் "குரல் எனக்கு!" என்றார். இந்தத் தடவை மூச்சு வாங்கியது. அவர் இரண்டாம் முறை சொல்லி அவள் கேட்டதே இல்லை.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தால், எந்த வீட்டுப் பெண்ணோ, எந்த ஊர் லாரியோ என்று இருந்துவிடலாம். எழுந்தால் சீட்டு போயிற்று.

"மன்னிக்கணும் சார்," என்று எழுந்தாள். "அங்க எங்கப்பா மேல பாரம் இருக்கு."

படிக்கட்டின் திருப்பத்தில் பீரோ மாட்டிக்கொண்டிருந்தது. மேலே ஒட்டகம், சின்ன ஷூவில் சறுக்கிச் சறுக்கி. கீழே லாரிக்காரர், தோளில் மொத்தப் பாரத்தோடு, கழுத்து நரம்பு புடைத்து. அவருக்கும் கீழே, ஏறி வந்து வழியில்லாமல் நின்ற ஒரு நரைத்த தலை அம்மாள். சுற்றிலும் பியூன், தேர்வுக்கு வந்த மாணவர்கள், அவர்களின் அப்பாக்கள். ஒருவர் "தூக்கு" என்றார், ஒருவர் "இறக்கு" என்றார், ஒருவர் "ஆளைக் கூப்பிடு" என்றார். நரைத்த தலை அம்மாளும் சும்மா இல்லை, கைப்பிடிச் சுவரைத் தட்டித் தட்டி, "பின்னால போங்க! பின்னால!" என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். அம்மா இரண்டு காதையும் பொத்தியபடி சுவரோடு சுவராக ஒட்டியிருந்தாள்.

ஹாரன் ஒரு மூச்சு இழுத்தாள்.

"எல்லாரும் வாயை மூடுங்க! கீழ்முனை பேசட்டும்!"

நூலகத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து, புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கே போய்விட்டார். வாசல் மரத்தில் ஒரு காகம்கூட மிச்சமில்லை. படிக்கட்டில் அத்தனை வாயும் ஒன்றாக மூடியது. நரைத்த தலை அம்மாளின் கை பாதியில் நின்றது.

அந்த அமைதியில் லாரிக்காரர் சாதாரணமாக, பக்கத்தில் இருப்பவரிடம் தண்ணீர் கேட்பதுபோல் பேசினார்.

"தம்பி, உன் பக்கம் ஒரு சாண் உசத்து... போதும். அப்படியே சுவர் பக்கம்... மெதுவா... விடு."

பீரோ திரும்பியது. இறங்கியது. தரையைத் தொட்டது. இத்தனை நேரம் பிடித்து வைத்திருந்த மூச்சை எல்லாரும் ஒன்றாக விட்டதில் அறிவிப்புப் பலகையில் இருந்த காகிதங்கள் படபடத்தன.

சரியாக அந்த நேரம் பார்த்து, தோளில் ஒரு கருவிப் பையோடு தச்சர் ஒருவர் வாசலில் நுழைந்தார்.

"என் பீரோவை ஏன் கீழ கொண்டு வந்தீங்க?"

"குறி போட்டிருந்துச்சே!" என்றார் ஒட்டகம்.

"பூட்டு கெட்டுப்போனதுக்கெல்லாம் நான்தான் நேத்து குறி போட்டுட்டுப் போனேன். பூட்டை மாத்தணும்யா, பீரோவை இல்ல!"

ஒட்டகம் தன் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் அண்ணியைப் பார்த்தார். அண்ணி கையில் இருந்த சாக்கட்டியைக் கைப்பைக்குள் போட்டு மூடினாள்.

"கோணலா இருக்கும்போதே நினைச்சேன்," என்றாள்.

நரைத்த தலை அம்மாள் புடவைத் தூசியைத் தட்டிக்கொண்டு ஹாரனை நிமிர்ந்து பார்த்தார். "என் வாயை மூடச் சொன்னது யாரு?"

மேல்படியிலிருந்து பியூன் கையைக் கட்டிக்கொண்டு, "தலைவரம்மா..." என்றார்.

அப்போதுதான் ஹாரனுக்குப் புரிந்தது, காலி நாற்காலி யாருடையது என்று. தன் வாயே தன் சீட்டைத் தின்றுவிட்டது என்று நினைத்தாள். மறைக்க இனி எதுவும் மிச்சமில்லை. இறங்கிப் போய் அப்பா பக்கத்தில் நின்றாள்.

"நான்தான் மேடம். இன்டர்வியூவுக்கு வந்திருக்கேன். இவர் எங்கப்பா. லாரி வெச்சிருக்கார், வீடு மாத்தற வேலை. அவர் சித்தப்பா. அது எங்கம்மா. பீரோவை எடுத்தது தப்புதான், திரும்ப மேல வெச்சிடுவாங்க. ஆனா வாயை மூடச் சொன்னது தப்பில்ல மேடம். அப்ப எங்கப்பாதான் கீழ இருந்தார்."

"அவருக்கும் கீழ நான் இருந்தேனே?"

"நீங்க கீழ நின்னீங்க மேடம். தூக்கல."

ஒட்டகம் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். தலைவரம்மா அங்கேயே படியில் உட்கார்ந்தார். மேலிருந்து எட்டிப் பார்த்த இரு பேராசிரியர்களையும் இறங்கி வரும்படி கையசைத்தார். குண்டுப் பேராசிரியர் ஒரு படியில் அமர, ஒல்லிப் பேராசிரியர் இடம் போதாமல் பீரோமேல் சாய்ந்தார்.

"உக்காரும்மா. உன் இன்டர்வியூ முடியல. அது என்ன கீழ்முனை?"

ஹாரன் சொன்னாள். மேஜை, தங்கையின் கை, வக்கீல் மாமா, எல்லாம். தூக்காமல் பேசலாம் என்று ஆசைப்பட்டதையும் விடவில்லை. சபதம், அநீதி எதுவும் அதில் இல்லை.

"சரி," என்றார் தலைவரம்மா. "கீழ்முனைக்காரர் பொய் சொன்னா?"

"பீரோ அவர் மேலதான் விழும் மேடம். சொல்ல மாட்டார்."

"கீழ்முனையில இருக்கறதாவே ஒருத்தர் பொய் சொன்னா? நிறையப் பேர் சொல்வாங்க."

"சொல்வாங்க மேடம். எங்க வீட்டுலயே ஒருத்தர் இருக்கார், தலையணையைத் தூக்கிட்டு முனகுவார். அதனால முனகலைக் கேக்கக் கூடாது. கையைப் பார்க்கணும். அதை எப்படிப் பார்க்கறதுன்னுதான் படிக்க வந்தேன்."

"அந்த ஒருத்தர் யாரு?" என்றார் குண்டுப் பேராசிரியர்.

ஒட்டகம் சுவரில் இருந்த கடிகாரத்தை மிகுந்த ஆர்வத்தோடு படிக்க ஆரம்பித்தார்.

முதலில் சிரித்தது தலைவரம்மாதான். அந்தச் சிரிப்பு படிப்படியாக ஏறி மாடிவரை போயிற்று. பிறகு எழுந்து, கைப்பிடியைப் பற்றியபடி, "முடிவு பலகையில வரும். இப்ப அந்த பீரோ மேல போகணும்" என்றார். லாரிக்காரர் குனிந்தார். தலைவரம்மா சுற்றிலும் ஒரு பார்வை பார்த்து, உதட்டில் விரலை வைத்தார். அதன் பிறகு அந்த மாடிப்படியில் பேசியது லாரிக்காரர் ஒருவர்தான்.

முடிவு வந்த அன்று பலகையைப் பார்க்க நால்வரும் போனார்கள். ஹாரன் பார்த்தாள். திரும்பினாள். வாயைத் திறந்தாள். குரலே வரவில்லை. வாழ்க்கையிலேயே முதல் முறையாக, காற்று மட்டும் வந்தது.

"என்னடி ஆச்சு? இருக்கா, இல்லையா?" என்று அம்மா உலுக்கினாள்.

ஒட்டகம் பலகையில் விரல் வைத்துத் தேடிக் கண்டுபிடித்து, "குரல் எனக்கு!" என்று ஒரு கூச்சல் போட்டார். "இருக்கு அண்ணி! நம்ம ஹாரன் இருக்கா!"

லாரிக்காரர் நேரே கடைக்குப் போய், லாரிக்குப் புது ஹாரன் வாங்கி வந்தார்.

கல்லூரி திறந்த நாளில் அதே லாரியில் கொண்டுபோய் விட்டார்கள். வழியில் ஒரு சைக்கிள்காரர் நடுச்சாலையில் கனவு கண்டுகொண்டே போனார். லாரிக்காரர் பெருமையாகப் புது ஹாரனை அழுத்தினார். அது "பீப்" என்றது, விருந்துக்குப் போன வீட்டில் தும்முகிறவர் மாதிரி. சைக்கிள் அசையவில்லை.

"இவ்வளவு காசு குடுத்து இதுவா?" என்றாள் அம்மா.

லாரிக்காரர் ஓரக்கண்ணால் மகளைப் பார்த்தார். சட்டக் கல்லூரி மாணவி மடியில் இருந்த புதுப் பையை அம்மாவிடம் கொடுத்தாள். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

அந்தத் துணிக்கடையில் அன்றும் ஒரு சட்டை விற்றது.